விடுதலை அரங்கமும் வரலாற்று நினைவும்: கோலாலம்பூர் மெர்டேக்கா விளையாட்டரங்கம் பற்றிய ஒரு பார்வை

முன்னுரை

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் வழிபாட்டிடங்களையும் அரசாங்கக் கட்டடங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். விளையாட்டரங்குகளை அவ்வாறு கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. விளையாட்டு பொழுதுபோக்கு, அது நிகழும் இடம் பயன்பாட்டுக்குரிய ஒரு கட்டடம், பயன் முடிந்ததும் அதன் தேவையும் முடிந்துவிடும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆயினும், ஒரு நாட்டின் விடுதலை அறிவிப்பே விளையாட்டரங்கில் நிகழ்ந்திருக்கும்போது இவ்வெண்ணத்தை மறு ஆய்வு செய்ய வேண்டியுள்ளது. கோலாலம்பூரில் உள்ள மெர்டேக்கா விளையாட்டரங்கம் அத்தகையது. இதன் தோற்றம், இதில் நிகழ்ந்த அரசியல் நிகழ்வுகள், விளையாட்டுகள், இது அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட வரலாறு ஆகியவற்றை இக்கட்டுரையில் நாம் தொகுத்துக் காண்கிறோம். அதனுடன், மீட்கப்பட்ட கட்டடத்தில் எஞ்சியிருக்கும் நினைவு யாருடையது, எஞ்சாமல் போனது யாருடையது என்னும் வினாவையும் எழுப்ப விழைகிறோம்.

‘அரங்கம்’ என்னும் சொல்லைப் பற்றி முதலில் சிறிது கூறுவது பொருத்தமாகும். தமிழில் அரங்கு என்பது ஆடலுக்கும் ஆட்டத்திற்கும் பொதுவான சொல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கோல் கணக்கில் வரையறுத்துக் கூறுகிறது. திருக்குறளின் கல்லாமை அதிகாரமோ, நிறைந்த நூலறிவின்றி அவையில் பேசப் புகுவதனை, கட்டம் வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறது. அங்கே அரங்கு என்பது தரையில் வகுத்த ஆட்டக்களத்தைக் குறிக்கிறது. இவ்விரு வழக்குகளிலும் ஒரு கருத்து பொதுவாக உள்ளது: வரையறுத்த இடம் இல்லையேல் ஆட்டம் இல்லை. நாம் ஆராயும் கட்டடத்திற்கும் இக்கருத்து பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இடமும் காலமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மலாயாவில் பெருந்திரளான மக்கள் ஒரே இடத்தில் கூடுவதற்கென்று கட்டப்பட்ட அரங்கம் கோலாலம்பூரில் இருக்கவில்லை. சிலாங்கூர் கிளப்பின் முன்னால் இருந்த திடலே பெருவிழாக்களுக்கு உரிய வெளியாக இருந்தது. அது காலனித்துவ ஆட்சியாளர்களின் கிரிக்கெட் ஆட்டத்திற்கும் அணிவகுப்புகளுக்கும் பயன்பட்ட இடம். அதன் ஒரு பக்கம் அரசுச் செயலகமாகிய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். மறு பக்கம் கிளப். ஆட்சியின் அடையாளங்கள் சூழ்ந்த திடல் அது.

1955-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கூட்டணிக் கட்சி வென்று, துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சரானார். 1956-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இலண்டனில் நடைபெற்ற பேச்சுவார்த்தைக்குப் பின்னர் விடுதலைக்கான காலம் உறுதியாயிற்று. அப்போது துங்கு புதிய அரங்கம் ஒன்றைக் கட்ட விரும்பினார். காற்பந்தின்மீது அவருக்கு இருந்த ஆழ்ந்த ஈடுபாடு யாவரும் அறிந்ததே. எனினும், அவருடைய நோக்கம் ஆட்டத்தோடு நின்றுவிடவில்லை. புதிய நாடு தன் பிறப்பைப் பழைய ஆட்சியின் திடலில் அன்றித் தானே கட்டிய இடத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பெட்டாலிங் குன்றுப் பகுதி. விக்டோரியா கல்விக்கழகம், மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி, சின் வூ அரங்கம் ஆகியவை அருகருகே அமைந்த சூழல் அது. சற்றுக் கீழே இறங்கினால் பெட்டாலிங் தெருவின் சீனர் கடைவீதி. அன்று டேவிட்சன் சாலை என்று வழங்கிய இன்றைய ஹங் ஜெபாட் சாலை இக்குன்றை ஒட்டிச் செல்கிறது. பள்ளி மாணவர்களும் கடைக்காரர்களும் தொழிலாளர்களும் அன்றாடம் நடமாடும் பகுதியில், கால்நடையாகவே வந்து சேரக்கூடிய தொலைவில் அரங்கம் அமைந்தது என்பது கருதத்தக்கது. பிற்காலத்தில் அது மக்களின் அரங்கமாக விளங்கியதற்கு இவ்விட அமைவும் ஒரு காரணம்.

கட்டட அமைப்பு

அரங்கத்தை வடிவமைத்தவர் பொதுப்பணித் துறையின் பொறியியலாளராகவும் பின்னர் அதன் இயக்குநராகவும் விளங்கிய ஸ்டான்லி ஜுவ்க்ஸ். 1956-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பணி தொடங்கி, 1957 ஆகஸ்ட்டில் முடிவுற்றது. ஓராண்டு கூட நிறையாத காலத்தில் ஏறக்குறைய 20,000 பேர் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. 1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள் அது திறப்பு விழாக் கண்டது.

அக்கால அளவுகோலில் இக்கட்டடத்தின் இரு கூறுகள் சிறப்புடையவை. ஒன்று, விளக்குக் கோபுரங்கள். முன்கூட்டியே இழுவிசை ஏற்றிய எஃகுக் கம்பிகளைக் கொண்ட கான்கிரீட்டால் அமைந்த இக்கோபுரங்கள், அவ்வகையில் அன்று உலகிலேயே மிக உயரமானவை எனக் கருதப்பட்டன. மற்றொன்று, பார்வையாளர் பகுதியின்மீது அமைந்த கூரை. முன்பக்கத்தில் தூண் எதுவும் தாங்காமல் பின்பக்கப் பிடிப்பை மட்டுமே கொண்டு வெளிநீண்டு நிற்கும் மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரை அது. தூண் மறைக்காததால் ஆட்டக்களம் முழுவதும் அமர்ந்திருப்போர் பார்வைக்குத் தடையின்றித் தெரியும்.

இக்கட்டடத்தில் அலங்காரம் இல்லை. குவிமாடமோ செதுக்கு வேலையோ இல்லை. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் காணப்படும் மொகலாயச் சாயலை இங்கே காண முடியாது. கற்காரையின் வலிமையும் வளைவின் எளிமையுமே அதன் அழகு. குறைந்த செலவு, குறைந்த காலம், உள்நாட்டுத் துறையின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு புதிய நாட்டின் கட்டடக் கலையைத் தோற்றுவித்தன எனலாம். ஜுவ்க்ஸ் அவர்களே வடிவமைத்த உள்ளரங்கமாகிய நெகாரா அரங்கம் 1962-ஆம் ஆண்டு இதன் அருகிலேயே திறக்கப்பட்டது. அக்காலத்தில் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1959 முதல் 1971 வரை அவர் அப்பொறுப்பை வகித்தார்.

இரு அறிவிப்புகள்

1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நள்ளிரவில் கிளப் திடலில் பிரிட்டானியக் கொடி இறக்கப்பட்டது. மறுநாள் காலையில் மெர்டேக்கா அரங்கத்தில் விடுதலை அறிவிக்கப்பட்டது. கொடியிறக்கம் பழைய திடலிலும் நாட்டின் பிறப்பு புதிய அரங்கிலும் நிகழ்ந்த இப்பிரிவு பொருள் பொதிந்தது. மலாய் ஆட்சியாளர்களும் வெளிநாட்டுப் பேராளர்களும் மக்களும் நிறைந்த அவையில், பிரிட்டானிய அரசியாரின் சார்பாளராக வந்திருந்த குளோஸ்டர் கோமகன் ஆட்சிமாற்றத்திற்குரிய ஆவணத்தை வழங்கினார். துங்கு விடுதலைப் பிரகடனத்தை வாசித்தார். ‘மெர்டேக்கா’ என்னும் முழக்கம் ஏழு முறை எழுந்தது. நெகாராகூ இசைக்கப்பட்டது, புதிய கொடி ஏற்றப்பட்டது.

அன்று மலாயாவின் மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய 11 விழுக்காட்டினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அத்தமிழருள் பெரும்பாலோர் தோட்டப்புறத்தவர். அப்பிரகடனம் அவர்களுக்கு வெறும் சடங்கன்று. விடுதலை நாளன்றும் அதன் பின்னரும் கூட்டரசில் பிறப்போர் பிறப்பாலேயே குடிமக்கள் ஆவர் என 1957-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் வகுத்திருந்தது. முன்னரே பிறந்தவர்களுள் பலர் விண்ணப்பித்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. ஒரே குடும்பத்தில் பாட்டன், தந்தை, பேரன் ஆகியோர் வெவ்வேறு நிலையில் இருக்க நேர்ந்தது. பிறப்பின்வழிக் குடியுரிமை பற்றிய விதி 1962-இல் திருத்தப்பட்டது. ஆகவே, அவ்வரங்கில் வாசிக்கப்பட்ட சொற்கள் ‘இந்நாட்டில் நாம் யார்’ என்னும் வினாவோடு நேரடித் தொடர்புடையவை. மெர்டேக்கா அரங்கத்தைத் தமிழர் வரலாற்றிலிருந்து விலக்கிப் பார்க்க இயலாது என்று நாம் கூறுவதன் அடிப்படை இதுவே.

ஆறாண்டுகள் கழித்து, 1963 செப்டம்பரில், மலாயாவுடன் சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகியவை இணைந்த மலேசியாவின் தோற்றமும் இதே அரங்கில் அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் தனிநாடாயிற்று. ஒரே கட்டடம் இருமுறை ஒரு நாட்டின் பிறப்பிடமாக அமைந்தமை அரிய செய்தி. சிங்கப்பூர் வாசகர்களுக்கும் இவ்வரங்கம் அயலிடம் அன்று என்பதை இது உணர்த்துகிறது.

காற்பந்துக் களம்

விடுதலை ஆண்டிலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கப்பட்டது. 1957-ஆம் ஆண்டு முதற்போட்டியில் ஹாங்காங் அணி வென்றது. 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் மலாயா வாகை சூடியது. ஆசியாவின் முன்னணி அணிகள் ஆண்டுதோறும் கூடும் களமாக இது வளர்ந்தது. 1959, 1964 ஆகிய ஆண்டுகளில் இந்திய அணி இரண்டாம் நிலையை அடைந்தது. தாயகத்திலிருந்து வந்த அணிக்கும் தம் நாட்டு அணிக்கும் இடையே ஆட்டம் நிகழும்போது யாருக்குக் கைதட்டுவது என்னும் சிக்கல் அன்றைய பார்வையாளருள் ஒரு தலைமுறைக்கு இருந்திருக்கக்கூடும். அவர்களின் பிள்ளைகளுக்கு அச்சிக்கல் இருந்திருக்காது. குடியுரிமை என்பது சட்டத்தில் மட்டுமன்றி இத்தகைய சிறு தெரிவுகளிலும் உருவாகிறது.

மலேசியக் கிண்ணத்தின் இறுதியாட்டங்கள் நெடுங்காலம் இவ்வரங்கில்தான் நடைபெற்றன. மாநிலங்கள் மோதும் இப்போட்டியில் சிங்கப்பூர் அணியும், தனிநாடான பின்னரும், பங்கேற்றுவந்தது. 1977-ஆம் ஆண்டு பினாங்கை 3-2 என்னும் கோல் கணக்கிலும், 1980-ஆம் ஆண்டு சிலாங்கூரை 2-1 என்னும் கணக்கிலும் வென்று அது கிண்ணத்தைக் கைப்பற்றியது இங்கேதான். அரசியலால் பிரிந்த இரு நாட்டு மக்கள் ஒரே அரங்கின் எதிரெதிர்ப் படிகளில் அமர்ந்து ஆரவாரித்த காலம் அது.

தேசிய அணியில் எம். சந்திரன், சந்தோக் சிங், சோ சின் ஆன், மொக்தார் டஹாரி, ஆர். ஆறுமுகம் முதலியோர் விளையாடிய 1970-களைப் பலரும் மலேசியக் காற்பந்தின் பொற்காலம் என்பர். 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணி பங்கேற்றது. கோல்காவலர் ஆறுமுகம் தம் நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்டார். 1980 ஏப்ரலில் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்றில் இவ்வரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்றது. எனினும், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்ததால், வென்ற அணி மாஸ்கோ செல்லவில்லை. உழைத்துப் பெற்ற உரிமை கைக்கு எட்டியும் பயன்படாமற் போன அந்நிகழ்ச்சியைத் தழுவி 2016-ஆம் ஆண்டு ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதில் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கோல்காவலர் ஒருவர் முக்கியப் பாத்திரமாக இடம்பெற்றார். ஆறுமுகம் 1988-ஆம் ஆண்டு சாலை விபத்தில் காலமானார்.

ஓடுகளமும் ஹாக்கியும்

தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி 1965, 1971 ஆகிய ஆண்டுகளில் கோலாலம்பூரில் நடைபெற்றபோதும், அதுவே தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியாக விரிவடைந்து 1977, 1989 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றபோதும் இவ்வரங்கமே தலைமைக் களமாக விளங்கியது. 1965-ஆம் ஆண்டுப் போட்டியில் இரு தமிழ் வீரர்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தனர். ஒருவர் எம். ஜெகதீசன், மற்றவர் எம். ராஜாமணி. மறு ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதே 1966-ஆம் ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அவை இவ்விருவருக்கே கிடைத்தன. மருத்துவராகிய ஜெகதீசன் 1968-ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி ஏற்படுத்திய தேசியச் சாதனை 2017-ஆம் ஆண்டு வரை, அதாவது 49 ஆண்டுகள், முறியடிக்கப்படாமல் நின்றது. ராஜாமணி 2021-இல் மறைந்தார்.

பெண்கள் பலர்முன் ஓடுவதனைத் தயக்கத்தோடு நோக்கிய குடும்பங்கள் நம் சமுதாயத்தில் மிகுந்திருந்த காலம் 1960-கள். அக்காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் நாட்டின் தலைமை அரங்கில் ஓடி வென்றமை விளையாட்டுச் செய்தி மட்டுமன்று. சமூக வரலாற்றுச் செய்தியுமாகும். நம் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் இச்செய்தி பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்பது நம் கருத்து.

1975-ஆம் ஆண்டு மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. கூடுதல் நேரம்வரை நீண்ட அவ்வாட்டத்தில் இந்தியா 3-2 என வென்றது. மலேசியா அப்போட்டியில் நான்காம் நிலையைப் பெற்றது. மார்ச் 15-ஆம் நாள் இவ்வரங்கில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என வென்று முதன்முறையாக உலகக் கிண்ணத்தைப் பெற்றது. சுர்ஜித் சிங், அசோக் குமார் ஆகியோர் இந்தியாவிற்காகக் கோல் அடித்தனர். அவ்வணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்சும் இடம்பெற்றிருந்தார். அடுத்த ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் புகுந்தது. ஹாக்கி ஆட்டத்தின் தன்மையே மாறத் தொடங்கியது. புல்தரை ஹாக்கியின் கடைசிப் பெருநிகழ்வுகளுள் ஒன்றாக இந்த அரங்கின் இறுதியாட்டம் அமைந்தது.

அதே 1975-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், முகம்மது அலி, ஜோ பக்னர் ஆகியோர் மோதிய உலக மிகு எடைப் பிரிவுக் குத்துச்சண்டை இங்கு நடைபெற்றது. 15 சுற்றுகள் நீடித்த அப்போட்டியில் அலி புள்ளி அடிப்படையில் வென்றார். 1996 அக்டோபரில் மைக்கேல் ஜாக்சனின் இசை நிகழ்ச்சிகளும் இவ்வரங்கில் நிகழ்ந்தன. இவ்வாறு, விடுதலைச் சடங்கு முதல் வெகுமக்கள் கேளிக்கை வரை நகர வாழ்வின் பல கூறுகளுக்கும் இஃது இடமளித்தது. பெருகிய கூட்டத்தைக் கொள்வதற்காக 1970-களிலும் 1980-களிலும் மேலடுக்குப் படிகள் சேர்க்கப்பட்டன. அரங்கின் கொள்ளளவு நாற்பதாயிரத்தைத் தாண்டியது.

அழிவின் விளிம்பும் மீட்பும்

1990-களில் நிலைமை மாறியது. 1998-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகப் புக்கிட் ஜாலிலில் புதிய தேசிய விளையாட்டு வளாகம் எழுந்தது. அதே காலத்தில் மெர்டேக்கா அரங்கம் அமைந்த நிலம் தனியார் நிறுவனம் ஒன்றன் வசம் சென்றது. நகரின் நடுவில் உள்ள அந்நிலத்தின் விலைமதிப்பு மிகுந்துவிட்டிருந்தது. அரங்கை அகற்றிவிட்டு வணிக வளாகங்களை எழுப்பும் திட்டம் பேசப்பட்டது. மரபுக் காப்பாளர்களும் பொதுமக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 1997-ஆம் ஆண்டு ஆசியப் பொருளாதார நெருக்கடி பல கட்டுமானத் திட்டங்களை முடக்கியபோது இத்திட்டமும் கைவிடப்பட்டது. நாட்டின் பிறப்பு அறிவிக்கப்பட்ட இடம் மக்களின் குரலால் ஓரளவும், பொருளாதார நெருக்கடியால் ஓரளவும் பிழைத்தது என்பதே உண்மை. நெருக்கடி நேராதிருந்தால் குரல் மட்டுமே அதனைக் காத்திருக்குமா என்பதனை மரபுக் காப்பில் அக்கறையுள்ளோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் நிறுவனம் இதன் உரிமையைப் பெற்றது. 2003-ஆம் ஆண்டு இது தேசிய மரபுக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. விடுதலைப் பொன்விழாவாகிய 2007-ஆம் ஆண்டை ஒட்டி மீட்டுருவாக்கப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட படிகள் அகற்றப்பட்டு, அரங்கம் 1957-ஆம் ஆண்டில் இருந்த வடிவத்திற்குக் கொண்டுவரப்பட்டது. கொள்ளளவு மீண்டும் ஏறக்குறைய 20,000 ஆயிற்று. 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதுகளுள் உயரிய சிறப்பு விருது இப்பணிக்குக் கிடைத்தது.

அண்மைக் காலத்தில் அரங்கின் அருகிலேயே 118 மாடிகளைக் கொண்ட மெர்டேக்கா 118 கோபுரம் எழுந்தது. 678.9 மீட்டர் உயரமுள்ள அது 2024 ஜனவரியில் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் விளக்குக் கோபுரங்களின் உயரத்திற்காகப் பேசப்பட்ட அரங்கம், இன்று வானளாவிய கோபுரத்தின் நிழலில் நிற்கிறது.

எந்த ஆண்டிற்கு மீட்பது?

இவ்விடத்தில் ஓர் அடிப்படை வினா எழுகிறது. பழங்கட்டடம் ஒன்றை மீட்கும்போது எந்த ஆண்டின் வடிவத்திற்கு அதனை மீட்பது? சுவடிப் பதிப்புத் துறையினர் இவ்வினாவை நன்கு அறிவர். ஒரு நூலின் மூலபாடத்தைத் தேடுவோர் பிற்சேர்க்கைகளை இடைச்செருகல் என்று நீக்குவர். ஆனால், அப்பிற்சேர்க்கைகள் அந்நூலைப் பிற்காலத்தார் எவ்வாறு பயின்றனர் என்பதற்குரிய சான்றுகளும் ஆகும். நல்ல பதிப்பாசிரியர் நீக்கியதை அடிக்குறிப்பில் வைப்பார், எறிந்துவிட மாட்டார்.

மெர்டேக்கா அரங்கைப் பொறுத்தவரை 1957 என்னும் ஆண்டைத் தேர்ந்தது நியாயமானதே. அக்கட்டடத்தின் தனிச்சிறப்பு விடுதலை அறிவிப்பில்தான் உள்ளது. ஜுவ்க்சின் மூல வடிவமைப்பும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஆயினும், அத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு. பிரகடனத்தின் இடம் மீண்டது. ஆனால் 1980-களில் காற்பந்து பார்க்க வந்தவர்கள் அமர்ந்த மேலடுக்குகள் மறைந்தன. அரசின் நினைவு கட்டடமாக நிற்கிறது. மக்களின் நினைவுக்கோ, அதன் ஒரு பகுதிக்கு, இன்று இடம் இல்லை.

தமிழரின் தொடர்பு இவ்விரண்டாம் வகை நினைவிலேயே மிகுதி. பிரகடன மேடையின் ஒளிப்படங்கள் நூல்களில் உள்ளன. தோட்டத்திலிருந்து லாரியிலும் பேருந்திலும் வந்து இறங்கிக் கிண்ண ஆட்டம் பார்த்தவர்கள், வாசலில் கச்சானும் கடலையும் விற்றவர்கள், வானொலியின் தமிழ்ப் பிரிவில் செய்தி கேட்டு ஆட்ட முடிவை அறிந்தவர்கள் ஆகியோரைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு. வரலாறு ஆவணங்களில் மட்டும் வாழ்வதில்லை. ஆயினும், ஆவணமாக்கப்படாத நினைவு ஒரு தலைமுறைக்குமேல் வாழ்வதும் இல்லை. 1957-இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று எண்பது வயதை நெருங்குகிறார் அல்லது கடந்துள்ளார்.

தமிழாசிரியர்கள் செய்யத்தக்கவை

இக்குறையை நிறைக்கப் பெருநிதியோ பெருந்திட்டமோ தேவையில்லை. தமிழ்ப்பள்ளிகளும் இடைநிலைப் பள்ளிகளின் தமிழ் வகுப்புகளும் பல்கலைக்கழக மாணவர்களும் மேற்கொள்ளத்தக்க பணிகள் சிலவற்றை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு. மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரை அணுகி, இவ்வரங்கிற்கு எப்போது சென்றார், எப்படிச் சென்றார், யாரோடு சென்றார், நுழைவுச்சீட்டிற்கு என்ன கொடுத்தார், எங்கே அமர்ந்தார் என்று கேட்டு எழுதலாம். இவ்வைந்து வினாக்களின் விடைகளே ஊதியம், போக்குவரத்து, நட்பு, இன உறவு ஆகியவை பற்றிய செய்திகளைத் தரும். ‘விடுதலை நாள்’ என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் எழுதப்படும் மனப்பாடக் கட்டுரைக்கு இது பயனுள்ள மாற்றாகவும் அமையும்.

இரண்டாவது, கலைச்சொல் தொகுப்பு. காற்பந்து, கோல்காவலர், அஞ்சல் ஓட்டம், திடல், கிண்ணம் முதலிய சொற்கள் இந்நாட்டுத் தமிழ் இதழ்களில் வேரூன்றியவை. இவற்றுள் சில தமிழ்நாட்டு வழக்கினின்று வேறுபட்டவை. தமிழ் நேசன், தமிழ் முரசு ஆகிய நாளேடுகளின் பழைய இதழ்களிலிருந்து விளையாட்டுச் செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்தால் மலேசிய சிங்கப்பூர்த் தமிழின் வளர்ச்சி குறித்த நல்ல தரவு கிடைக்கும்.

மூன்றாவது, நேரடிக் களப்பயணம். 2017-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெர்டேக்கா தொடருந்து நிலையம் அரங்கிற்கு அருகிலேயே உள்ளது. நூலில் படித்த பிரகடனத்தை, அது வாசிக்கப்பட்ட இடத்தின் முன் நின்று மாணவர் படிக்கும்போது பெறும் உணர்வை வகுப்பறையில் தருவது அரிது.

முடிவுரை

மெர்டேக்கா அரங்கம் ஒரே வேளையில் மூன்று வரலாறுகளைத் தாங்கி நிற்கிறது. அது ஒரு பொறியியல் சாதனையின் வரலாறு. ஒரு நாட்டின் பிறப்பு வரலாறு. பல இன மக்கள் ஒரே படிக்கட்டில் தோளோடு தோள் அமர்ந்து ஓர் அணிக்காக ஆரவாரித்த வரலாறு. முதல் இரண்டும் காக்கப்பட்டுவிட்டன. மூன்றாவது, கட்டடத்தால் காக்கப்படக்கூடியதன்று. எழுத்தால் மட்டுமே காக்கப்படக்கூடியது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை தோன்றியதும் இவ்வரங்கிற்கு அடித்தளம் இடப்பட்டதும் 1956 என்னும் ஒரே ஆண்டில்தான். நாடு தன் விடுதலைக்கு ஓர் அரங்கை அமைத்துக்கொண்ட அதே காலத்தில், தமிழும் உயர்கல்வியில் தனக்கென ஓர் அரங்கைப் பெற்றது. அந்த அரங்கில் கற்றவர்களும் கற்பிப்பவர்களும் இந்த அரங்கின் படிகளில் அமர்ந்திருந்த தம் மக்களின் நினைவை எழுதிவைப்பது அவர்களுக்கு உரிய கடமையாகும். அதற்குரிய சான்றாளர்கள் நம்மிடையே இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.